பாசி தின்னும் மீனுக்கும் பசிக்கும்

தொட்டி வைத்து மூன்று நான்கு வாரம் ஆனதும் கண்ணாடியில் பழுப்பாகவோ பச்சையாகவோ ஒரு படலம் படிய ஆரம்பிக்கும். மீன் கடைக்குப் போய்ச் சொன்னால், உடம்பெல்லாம் புள்ளியோடு கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் குட்டி ஒன்றைக் காட்டுவார்கள். "சக்கர் ஒண்ணு போட்டுவிடுங்க சார், எல்லாத்தையும் நக்கிடும். இதுக்குன்னு தனியா தீனி போட வேண்டாம்." மன்னார்குடியில் நான் முதல் தொட்டி வைத்தபோது எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. நான்காம் மாதம் ஒரு நாள் காலையில் அந்த மீன் மணலில் அசையாமல் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் முதுகும் பக்கங்களும் கெட்டியான தட்டுகளால் மூடியவை; அதனால் மேலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. திருப்பினால் வயிறு குழிந்து போய்க் கிடந்தது. கண்ணாடியில் பாசி தீர்ந்த நாளிலிருந்து அது பட்டினி கிடந்திருக்கிறது.

அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பாசியைக் கட்டுக்குள் வைப்பது நம் வேலை. பாசி தின்னும் மீன் அதில் ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான். அதற்கும் தினமும் வயிறு நிறைய வேண்டும். இரண்டையும் நம் டெல்டா வீடுகளில், நம் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், அது எந்தப் பாசி?

நம் ஊரில் குளத்துப் படியில் காலை வழுக்கிவிடுவதும் பாசி, வாய்க்காலில் கொடி கொடியாக நீளும் வேலம்பாசியும் பாசி. இரண்டும் வேறு. வேலம்பாசி தண்டும் இலையும் உள்ள செடி. தொட்டியில் இருந்தால் தண்ணீரில் உள்ள சத்தை அது எடுத்துக்கொள்ளும்; கண்ணாடிப் பாசிக்கு மிஞ்சுவது குறையும். ஆகவே அந்தப் பாசி நமக்குக் கூட்டாளி.

கண்ணாடியில் படிவதில் பல வகை உண்டு. புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் விரலால் தேய்த்தாலே போய்விடும். அதைப் பெரும்பாலான பாசி தின்னிகள் விரும்பித் தின்னும். இரண்டு மூன்று மாதத்தில் அதுவாகவே குறைவதும் உண்டு. பச்சைப் புள்ளிகளாகக் கெட்டியாக ஒட்டியிருப்பதை மீன் தொடாது. பிளேடால் சுரண்ட வேண்டும், அல்லது நெரைட் நத்தை கொஞ்சம் உதவும். தலைமுடி போல நீளமாகத் தொங்கும் பச்சை நாரை மோலி மீன் கொத்தும். செடி இலை ஓரத்தில் கறுப்புத் தாடி போல முளைப்பதைத் தின்பவை மிகச் சில.

இரண்டு வகைக்கு மீனே தீர்வு இல்லை. ஒன்று, தண்ணீரே பச்சையாகிவிடுவது. கோடையில் கோயில் குளங்கள் பச்சையாகத் தெரிகின்றனவே, அதே விஷயம்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி தண்ணீரில் மிதக்கிறது. வாயால் சுரண்டித் தின்னும் மீனுக்கு அதில் வேலை இல்லை. செடி அதிகம் இல்லாத தொட்டி என்றால் மூன்று நான்கு நாள் கறுப்புத் துணி போட்டு மூடி, காற்று மட்டும் ஓட விட்டு, பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இன்னொன்று, நீலப்பச்சை நிறத்தில் ஏடு ஏடாக மணலை மூடும், சேற்று வாடை அடிக்கும் வழவழப்பு. அது உண்மையில் ஒரு வகை பாக்டீரியா. எந்த மீனும் அதைத் தின்று தீர்க்காது. குழாயால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

தொட்டி வைக்கும் இடம்

பழைய வீடுகளில் முற்றத்துத் தாழ்வாரத்தில் தொட்டி வைக்கத் தோன்றும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் முற்றத்து வெயில் நேராக விழுந்தால் எத்தனை மீன் போட்டாலும் பாசி நிற்காது, தண்ணீரும் கொதிக்கும். உள் கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே இல்லாத சுவரோரம் வையுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி நிரம்பினால் சுமார் 56 லிட்டர். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. ஆடாத மேடை வேண்டும்.

விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். நாமே போட்டு நாமே அணைப்பதாக இருந்தால் மறந்துவிடும். டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். பாசிக்காக நான் செலவழித்ததில் அதிகம் பலன் தந்தது அந்த டைமர்தான்.

அப்புறம் தீனி. கோயில் குளத்தில் பொரி போட்டு, மீன் குமிந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வீட்டுத் தொட்டியிலும் கை அப்படியே போகும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடும் ஒவ்வொரு துணுக்கும் அழுகி, பாசிக்கு உரமாகிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்றைய தீனியைக் காலையில் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்து, அதை மட்டும் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர்

டெல்டாவில் தொட்டி வைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வீட்டுப் போர் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வேகுமா? சோப்பு நுரைக்குமா? வேகாது, நுரைக்காது என்றால் அது கடினத் தண்ணீர். கடற்கரைப் பக்கம் போகப் போக, நாகப்பட்டினம், வேதாரண்யம் வட்டாரத்தில், நிலத்தடி நீரில் உப்பும் ஏறிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் எண்ணாகவே தெரிந்துவிடும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற மீனை வாங்க வேண்டும். மீனை முதலில் வாங்கிவிட்டுத் தண்ணீரை மாற்றப் பாடுபடுவது வீண் அலைச்சல்.

குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்துத் திறந்தபடி ஒரு முழு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு. ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாக ஊற்றாதீர்கள். அதில் தாது உப்பே இருக்காது. போர் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

ஆற்றுத் தண்ணீர் நல்லது என்று சிலர் குடத்தோடு கிளம்புவார்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் வயலில் மருந்தடிப்பும் ஆரம்பித்துவிடும். வயலிலிருந்து வடியும் தண்ணீர் மீண்டும் வாய்க்காலில்தான் சேர்கிறது. வயலில் இருக்கும் பூச்சி மருந்து ஒரு துளி வந்தாலும் தொட்டி தாங்காது. வாய்க்கால் தண்ணீர், வயல் நத்தை, வயல் மீன் மூன்றும் தொட்டிக்கு வேண்டாம். வேலம்பாசி கூட வாய்க்காலில் எடுத்தது வேண்டாம். வளர்ப்பவர்களிடமோ கடையிலோ வாங்குங்கள்.

செம்பு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கும்பகோணம் பித்தளைக் குடமும் செப்புக் குடமும் நம் வீடுகளில் இன்னும் புழங்குகின்றன. பித்தளையிலும் செம்பு உண்டு. இரவெல்லாம் அதில் நின்ற தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் நத்தையும் இறாலும் முதலில் சாகும். பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தொட்டிக்கென்றே ஒதுக்குங்கள். சோப்புக் கை அதில் படக்கூடாது. வயலில் பாசி படர்ந்தால் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி வாய்மடையில் போடுவது உண்டு. அதைப் பார்த்துவிட்டு, "தொட்டியிலயும் ஒரு சிட்டிகை போடேன் தம்பி" என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது அக்கறையோடு சொல்வார்கள். மயில்துத்தம் செம்பு உப்பு. ஒரு சிட்டிகை கூடப் போடாதீர்கள்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நண்பர் வீட்டு ஃபில்டரில் இருந்து பழைய பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் சீக்கிரம் ஆகும். பாசி தின்னும் மீன்களை அதற்கும் பிறகு, கண்ணாடியிலும் கல்லிலும் நிஜமாகவே பாசி பிடித்த பின்தான் விட வேண்டும். சுத்தமான புதுத் தொட்டி அவற்றுக்குக் காலித் தட்டு.

எந்த மீன்?

கடையில் 'சக்கர்', 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சாதாரண சக்கர் மீனைப் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. தென் அமெரிக்க மீன். கடையில் மூன்று அங்குலம் இருக்கும். ஓரடிக்கு மேல் வளரும். பெரிதாகப் பெரிதாகப் பாசியில் நாட்டம் குறைந்து, கழிவு மட்டும் கூடும். தங்கமீனோடு விட்டால் இரவில் அதன் உடம்பில் ஒட்டி மேல்வழுவழுப்பை உறிஞ்சவும் செய்யும். இரண்டடித் தொட்டியில் அந்த மீன் திரும்பக்கூட இடம் இருக்காது.

அதற்குப் பதில் பிரிசில்நோஸ் கேளுங்கள். அதே குடும்பம், ஆனால் 12 முதல் 15 சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆண் மீனின் மூக்கில் முள் முள்ளாக மீசை முளைத்திருக்கும். தொட்டியில் பிறந்த குட்டிகளே பெரும்பாலும் விற்பனைக்கு வருவதால் நம் கடினத் தண்ணீரை ஓரளவு தாங்கும். சுமார் 100 லிட்டர், அதாவது இரண்டரை அடித் தொட்டியில் ஒன்று போதும். இரண்டு ஆண்களை விட்டால் பொந்துக்குச் சண்டை. பகலில் ஒளிய இடம் வேண்டும்: நன்றாகச் சுரண்டி, நார் எடுத்து, கொதிக்க வைத்த கொட்டாங்கச்சி ஒன்றை ஓரத்தில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். கடையில் கிடைக்கும் டிரிஃப்ட்வுட் கட்டை ஒன்றும் போடுங்கள். அதைச் சுரண்டிக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துக் கண்ணாடியின் மறுபக்கத்தில் இருந்து பாருங்கள். வட்டமான உதடு கண்ணாடியில் அப்பியிருக்கும். அதன் நடுவில் சீப்புப் பல் போல இரண்டு வரிசை, நிமிடத்துக்குப் பலமுறை மேலும் கீழும் இழுத்து இழுத்துத் தேய்க்கும். அது போன வழியில் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடி தெளிந்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ஓட்டோ என்று அழைக்கப்படும் ஓட்டோசின்க்ளஸ் நான்கு ஐந்து சென்டிமீட்டர்தான். செடித் தொட்டிக்கு அதைப் போன்ற சாது கிடையாது. இலையைக் கிழிக்காமல் பழுப்புப் பாசியைத் துடைத்தெடுக்கும். ஆனால் புதியவருக்கு முதல் மீனாக நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்பப்படுபவை. வழியெல்லாம் பட்டினி கிடந்து வருகின்றன. மென்மையான, வெப்பம் குறைந்த தண்ணீர் கேட்கும். மூன்று மாதமாவது ஓடிய தொட்டியில், ஐந்தாறாகச் சேர்த்து விட்டால் பிழைக்கும்.

கறுப்புத் தாடிப் பாசி தொல்லை என்றால் சயாமீஸ் ஆல்கே ஈட்டர். இதை வாங்கும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்ற வேறொரு மீனும் குட்டியில் இதே போல இருக்கும். பார்த்து வாங்க ஒரு வழி: சயாமீஸில் மூக்கிலிருந்து ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் கடைசி வரைக்கும் போகும், வாயில் சின்ன மீசை இருக்கும். சைனீஸில் வாய் உறிஞ்சு கிண்ணம் போல இருக்கும், கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், மீசை இருக்காது. சைனீஸ் வளர வளர மூர்க்கமாகி, மற்ற மீன்களைத் துரத்தி அவற்றின் மேலேயே ஒட்டும். சயாமீஸ் 15 சென்டிமீட்டர் வரை வரும், ஓடியாடும், எம்பிக் குதிக்கும். மூன்றடிக்குக் குறைந்த தொட்டியும் மூடி இல்லாத தொட்டியும் அதற்கு ஆகாது.

சரி, இரண்டடித் தொட்டிதான் இருக்கிறது, தண்ணீரோ பருப்பு வேகாத தண்ணீர், என்ன செய்வது? மோலி. எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், கடினத் தண்ணீரை விரும்பும், சற்று உப்பு இருந்தாலும் பொறுக்கும், நாள் முழுக்கக் கல்லையும் செடியையும் கொத்திக்கொண்டே இருக்கும். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்று மூன்று போதும். குட்டி போடும், அதற்கும் இடம் வேண்டும். கூட இரண்டு நெரைட் நத்தை. ஓடு கெட்டியாக வளரக் கடினத் தண்ணீர்தான் அதற்கு ஏற்றது. நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது. வெள்ளைப் புள்ளிகளாகக் கல்லில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். வேதாரண்யத்துப் பக்கம் கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பதில் இதுதான்.

வாங்குவது, கொண்டு வருவது

கடைக்கு மீன் வந்து இறங்கிய அன்றே வாங்காதீர்கள். நம் பக்கத்துக் கடைகளுக்குச் சென்னை கொளத்தூரில் இருந்து வருபவை நீண்ட பயணம் முடித்து வருகின்றன. ஒரு வாரம் கழித்துப் போங்கள்; பிழைத்து நிற்பவற்றில் இருந்து தேர்ந்தெடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். வயிறு மட்டமாகவோ சற்று உருண்டோ இருக்க வேண்டும். குழிந்திருந்தால், கண் உள்ளே போயிருந்தால், எவ்வளவு பாவமாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். அந்த நிலையிலிருந்து மீள்வது கடினம்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டு அவிழ்க்காமல் தொட்டியில் 15 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு அவிழ்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் ஊற்றி, அரை மணி நேரம் போனதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பிரிசில்நோஸின் துடுப்பு முள் வலையில் மாட்டினால் இழுக்காதீர்கள். வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தால் தானாக விடுவித்துக்கொள்ளும். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அன்று இரவு விளக்கு போட வேண்டாம்.

சாப்பாடு

வெள்ளரிப் பிஞ்சு, தோல் சீவிய பீர்க்கங்காய், பரங்கிக்காய்த் துண்டு, கீரை, எது வேண்டுமானாலும் சரி. மருந்தடித்த காயாக இருக்கலாம் என்பதால் உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் மெத்தென்று ஆகி அடியில் இறங்கும். மிதந்தால் எவர்சில்வர் ஸ்பூன் காம்பில் குத்திக் கீழே இறக்குங்கள். விளக்கு அணைத்த பிறகு போட வேண்டும். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மறந்து கோடையில் ஒரு பகல் கிடந்தால் தண்ணீர் பால் போலக் கலங்கிவிடும். முதல் நாள் தொடாது. மூன்றாம் நாள் தோல் மட்டும் மிஞ்சும். வாரத்தில் மூன்று நான்கு இரவு காய், மற்ற இரவுகளில் ஸ்பைருலினா வில்லை ஒன்று.

பாசியையே பயிர் செய்து கொடுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கொதிக்க வைத்துக் கழுவிய வழவழப்பான கூழாங்கல் பத்துப் பன்னிரண்டை, தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரோடு ஒரு டப்பில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் கல் மேல் பச்சை பிடித்துவிடும். கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். இரண்டு கல்லைத் தொட்டியில் வைப்பது, மீன் துடைத்ததும் எடுத்து மறுபடி வெயிலுக்கு அனுப்புவது, அடுத்த இரண்டை இறக்குவது. ஓட்டோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கண்ணாடியும் சுத்தமாக இருக்கும், மீனும் பட்டினி கிடக்காது. காய்ந்த வாதாங்கொட்டை மர இலை ஒன்றைக் கழுவிப் போட்டாலும் ஊறிய இலை மேல் படரும் வழவழப்பை இவை மேயும். தண்ணீர் தேநீர் நிறமாகும், கெடுதல் இல்லை.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றி, அப்போதே முன் கண்ணாடியைச் சோப்பு படாத ஸ்க்ரப்பால் நீங்களே தேய்த்துவிடுங்கள். பின் கண்ணாடியையும் பக்கங்களையும் மீனுக்கு விட்டுவிடலாம். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் உப்பு தங்கித் தங்கிக் கடினம் ஏறும். எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீர் ரோஜாச் செடிக்கு நல்ல உரம்.

கத்திரி வெயிலும் கரண்ட் இல்லாத நாளும்

இந்த மீன்கள் பெரும்பாலும் 24 முதல் 27 டிகிரியில் சுகமாக இருப்பவை. கத்திரியில் நம் கூடத்துத் தண்ணீர் 32-ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்தில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டுவது ஆபத்து.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் மாலைதான் வரும். அன்று தீனி போடாதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் விழாத மரம் இல்லை. பல நாள் கரண்ட் இல்லை. பேட்டரி இரண்டாம் நாளே தீர்ந்தது. அப்புறம் மணிக்கு ஒரு முறை சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றினோம், வீட்டில் ஆளுக்கொரு முறை வைத்து, இரவிலும். ஃபில்டர் பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்க விட்டிருந்தோம். மூடிய டப்பாவுக்குள் காற்றில்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் செத்து, கரண்ட் வந்ததும் ஃபில்டர் அந்த அழுக்கைத் தொட்டிக்குள் கக்கும். பிரிசில்நோஸ் இரண்டும் பிழைத்தன. ஓட்டோக்கள் ஆறில் நான்கு போய்விட்டன.

வளர்ந்துவிட்ட சக்கர்

ஏற்கெனவே சக்கர் வாங்கிவிட்டீர்கள், அது தொட்டி நீளத்துக்கு வளர்ந்துவிட்டது என்றால் தயவுசெய்து அதை ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். பாவம் பிழைத்துப் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இந்த மீன் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். தட்டுப் போர்த்திய உடம்பும் முள்ளும் இருப்பதால் அதை விழுங்க நம் ஊர் மீன்களால் முடிவதில்லை. மீனவர் வலையில் சிக்கினால் வலை கிழிகிறது, விலை போவதில்லை. நம் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: முட்டையிட இந்த மீன் கரையில் கை நீளத்துக்குப் பொந்து தோண்டும். மண் கரையை நம்பித்தான் ஒவ்வொரு வாய்க்காலும், அதன் கீழ் ஒவ்வொரு வயலும் இருக்கிறது.

வாங்கிய கடையிலேயே கேளுங்கள்; பணம் கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஐந்தடி, ஆறடித் தொட்டி வைத்திருப்பவர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கக்கூடும், விசாரியுங்கள். ஆள் கிடைக்கும் வரை வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள், இரவில் பரங்கிக்காய்த் துண்டு ஒன்று போட்டு வையுங்கள்.